சனிப் பிரதோஷத்தன்று செத்துப்போன ஓடக்காரன்

ஒரு கதையை எப்படி முடிப்பது என்று தெரியாதவர்கள் அதை ஆரம்பித்திருக்கவே கூடாது. ஆரம்பித்துவிட்டு, பதினான்கு வருஷம் ஆறு பாகமாக இழுத்து, ஒருத்தியின் கல்லூரி, கல்யாணம், வேலை எல்லாவற்றுக்கும் கூடவே வந்துவிட்டு, கடைசியில் இப்படிக் கையை விரிப்பதற்கு எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்! அந்த டைரக்டர் மட்டும் அன்றைக்குத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்திருந்தால் என் கையால் நாலு வார்த்தை வாங்கிக்கொண்டுதான் போயிருப்பார். கையால் வார்த்தையா என்று கேட்காதீர்கள். எனக்கு அவ்வளவு கோபம்.

படத்தின் பெயர் ‘கருநதி’. இங்கிலீஷ் படம், தமிழில் பேச வைத்து விடுவார்கள். ராஜ்யத்தை இழந்த ஓர் இளவரசன், அவனுக்கு மந்திரம் தெரிந்த நாலு சிநேகிதர்கள், ஊருக்கு நடுவே ஒரு கறுப்பு ஆறு. அந்த ஆற்றில் இறங்கியவர் யாரும் கரையேறியதில்லை. இளவரசனும் சிநேகிதர்களும் ஒவ்வொரு பாகத்திலும் ஏதாவது வில்லங்கத்தை இழுத்துக்கொண்டு அந்த ஆற்றங்கரைக்கு வந்து நிற்பார்கள். அப்போது ஓடக்காரன் தார்வன் வருவான். புயலோ பூதமோ, “ஏறுங்க” என்பான். அக்கரையில் இறக்கி விடுவான். அவ்வளவுதான் அவன் வேலை. அவனுக்கு மந்திரமும் கிடையாது, குதிரையும் கிடையாது.

முதல் பாகத்துக்கு என்னைக் கூட்டிப் போனவர் என் அப்பா. செய்யாற்றில் கோயில் குருக்கள். பாதிப் படம் தூங்கிவிட்டு வெளியே வரும்போது, “இந்தப் படத்துலயே உருப்படியா வேலை பாக்கறவன் அந்த ஓடக்காரன் ஒருத்தன்தான்” என்றார். அன்றைக்கு எனக்கு இருபது வயது. அன்றிலிருந்து தார்வன் என் ஆள். மற்றவர்கள் இளவரசனின் தாடியை ரசித்துக்கொண்டிருந்தபோது நான் துடுப்புச் சத்தம் எப்போது கேட்கும் என்று காத்திருந்தேன்.

இப்போது முப்பத்து நாலு வயது. பெயர் ஹைமவதி. தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் கம்ப்யூட்டர் டீச்சர். என் கணவர் விக்னேஷ்வரன் அண்ணாமலையார் கோயிலில் முறை பார்க்கும் குருக்கள். முறை என்றால் பங்காளிகளுக்குள் மாறி மாறி வரும் பூஜை. வீட்டில் நாங்கள் இருவர், என் மாமியார் லலிதாம்பாள். ஒரு குருக்கள் வீட்டு மருமகள் ஓடக்காரன் ஒருத்தனுக்காக உருகுகிறாள் என்று தெரிந்தால் எப்படிச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் மூன்றாம் பாகம் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். விக்னேஷ்வரன் ஒரு மாதம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்ததும் “ஏறுங்க” என்றார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. சிரிப்பைத் தாங்கும் தெம்பு எனக்குக் கிடையாது. யாராவது சிரித்தால் என் முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

கடைசிப் பாகம் வெள்ளிக்கிழமை வந்தது. என் சிநேகிதி சினேகா சனிக்கிழமை காலைக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமை பிரதோஷம் என்பதை அவள் பார்க்கவில்லை. சனிப் பிரதோஷம் சாதாரணமா? ஊரே கோயிலில் கூடும். அதிலும் அன்று பெரிய நந்திக்கு அபிஷேகம் செய்வது எங்கள் முறை. மாமனார் காலமான பிறகு விக்னேஷ்வரனுக்கு வாய்த்த முதல் சனிப் பிரதோஷம். பத்து நாளாக மனிதர் தூக்கத்தில்கூட ருத்ரம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட நாளில் சினிமாவுக்குப் போகிறேன் என்று சொல்ல முடியுமா? ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கலாம் என்றால், அதற்குள் போனைத் திறந்தாலே முடிவை எவனாவது கொட்டி வைத்திருப்பான். டெய்லர் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். ஓடத்தில் ஓட்டை விழுகிறது. கரை பத்தடி தூரம். தார்வன் அந்தக் கறுப்புத் தண்ணீரில் இறங்கி, ஓடத்தைத் தோளில் தாங்கி, கரைக்குத் தள்ளிவிடுகிறான். எல்லோரும் குதித்து ஓடுகிறார்கள். அவன் தண்ணீருக்குள் போய்விடுகிறான். சரி, செத்தான். சண்டைப் படத்தில் சாவு வரும், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருத்தன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை! அடுத்த காட்சியில் முடிசூட்டு விழா. யானை, பூ, கொம்பு, நாட்டியம். கடைசிக் காட்சியில் இளவரசன் ராஜாவாக அதே ஆற்றைக் கடக்கிறான், வேறொரு ஓடக்காரன் துடுப்புப் போடுகிறான். ராஜா அவனைப் பார்த்துச் சிரிக்கிறான். படம் முடிந்தது. தியேட்டரில் விசில்.

சினேகா எழுந்து, “நல்லாத்தான இருந்துச்சு, இன்னா ஒரு கிராண்டு” என்றபடி செல்ஃபிக்கு என்னை இழுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏய், அந்த போட்டுக்காரனுக்கா அழுவுற?” என்று சிரித்தாள். பதினான்கு வருஷச் சிநேகம் என்று பார்க்கிறேன், இல்லாவிட்டால் அங்கேயே இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன்.

தியேட்டரை ஒட்டிய பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் பரசுராமனின் ஆட்டோவில் வந்தேன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர்தான் ஆட்டோ. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தவர், “இன்னாக்கா, யாருக்கு இன்னா ஆச்சு?” என்றார். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. கையை ஆட்டி விட்டுவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஒன்றே முக்கால். மாமியார் கூடத்தில் பிரதோஷத்துக்கு வில்வம் ஆய்ந்துகொண்டிருந்தார். “பிளவுஸ் தெச்சாச்சாடி?” என்றார். “இப்ப ஒண்ணும் கேக்காதீங்கோம்மா” என்று சொல்லிவிட்டு நேரே கொல்லைப் பக்கம் போனேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வரலாம் என்றுதான் போனேன், சத்தியமாக. குழாயைத் திறந்ததும் அந்தத் துடுப்புச் சத்தம் நினைவுக்கு வந்தது. விம்மல் கூடத்துக்குக் கேட்டுவிடும் என்று பயந்து, அண்டாவிலிருந்து செம்பு செம்பாக மொண்டு, கட்டிய புடவையோடு தலையில் ஊற்றிக்கொண்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் நன்றாக அழலாம். அரை அண்டா காலி. பிறகு வேறு புடவை மாற்றிக்கொண்டு, பின்கட்டு அறையில் கதவைச் சாத்திப் படுத்துத் தூங்கிவிட்டேன். போன் தியேட்டரில் ஊமையாக்கியது, அப்படியே கிடந்தது.

இப்போது என் மாமியார் கண்ணால் இதைப் பாருங்கள். சனிக்கிழமை. பெண்கள் தலைக்குக் குளிக்கும் நாளே இல்லை. மத்தியானம். கட்டிய புடவையோடு. அழுதுகொண்டு, கேட்காதே என்று சொல்லிவிட்டு. எங்கள் வீடுகளில் இதற்கு ஒரே அர்த்தம்தான். சாவுச் செய்தி வந்தால்தான் இப்படித் தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள். என் அப்பாவுக்குப் போன மாதம்தான் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மாமனார் போனால் மாப்பிள்ளைக்கு மூன்று நாள் தீட்டு. தீட்டோடு சுவாமியைத் தொடக்கூடாது.

மாமியார் என்னை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்பாவைப் பறிகொடுத்தவளிடம் போய், போனது நிஜமா என்று கேட்பதா? செய்யாற்றுக்கும் போன் போடவில்லை. துக்க வீட்டுக்கு அப்படிப் போன் போடுவதா? அத்தனை நாகரிகம் அவருக்கு. வாசலில் நின்ற பரசுராமனை மட்டும் கேட்டிருக்கிறார். அவர், “பஸ் ஸ்டாண்டுல ஏறுனாங்கம்மா, வழியெல்லாம் ஒரே அழுக” என்று தன் பங்குக்குச் சாட்சி சொல்லிவிட்டார். உடனே மாமியார் கோயிலில் இருந்த மௌலிக்குப் போன் செய்து, விக்னேஷ்வரனை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். மௌலி என் கணவரின் பெரியப்பா பிள்ளை, அடுத்த முறைக்காரர். சேதி கேட்ட மாத்திரத்தில் வேஷ்டியை வரிந்து கட்டிக்கொண்டு நந்தி பக்கம் போயிருப்பார்.

நான் விழித்தபோது மணி மூன்றரை. வெளியே வந்தால் வீடு வேறு மாதிரி இருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. பூஜை அறைக் கதவு சாத்தியிருந்தது. வாசல் கோலத்தைக் காணோம். மாமியார் ஈரத் தலையோடு, சளி மூக்கோடு உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு அருணாதேவியும் பக்கத்து வீட்டு மாமிகள் மூன்று பேரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். வாசற்படிக்கு வெளியே விக்னேஷ்வரன் ஈர வேஷ்டியோடு, உள்ளே வராமல் சுவரைப் பார்த்து நின்றார்.

“ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?” என்று அலறினேன்.

அருணாதேவி ஓடிவந்து கட்டிக்கொண்டார். “பாவம், அதிர்ச்சியில எதுவும் நெனப்புல இல்ல. அழுதுடு ஹைமா, அழுதுடு” என்று என் முதுகில் தட்டினார்.

“எதுக்கு அழணும்? யாருன்னு சொல்லுங்களேன்!”

“உங்கப்பாடி!” என்றார் மாமியார், குரல் உடைந்து.

ஒரு நிமிஷம் எனக்கு உயிர் போய்விட்டது. போனைத் தேடி எடுத்தால் பத்தொன்பது தவறிய அழைப்புகள், பாதிக்கு மேல் செய்யாற்று வீட்டிலிருந்து. அந்த எண்ணை அழுத்தினேன். அப்பாவே எடுத்தார்.

“ஏண்டி ஹைமா, நான் எப்போ போனேன்? இந்த ஊர்லயே இருக்கற அருணாதேவியோட தம்பியாம், ஆளுயர ரோஜா மாலையோட வந்து நிக்கறான். கதவைத் தெறந்தது நான். அவனுக்குத்தான் இப்போ மயக்கம், மோர் குடுத்துண்டிருக்கேன்.”

போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லோருக்கும் கேட்க வைத்தேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அப்பா இருக்கிறார், தீட்டு இல்லை, இவர் கோயிலுக்கு ஓடலாம், நாலரைக்கு அபிஷேகம், இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. ஆனால் என் மாமியார் எழுந்து வாசலை மறித்து நின்றுகொண்டார்.

“அப்போ யாரு?”

“யாரும் இல்லம்மா.”

“யாரோ போயிருக்கா. இல்லேன்னா எதுக்குப் புடவையோட முழுகினே? முறை போயிடுமேன்னு மறைக்கறியா? உன் சித்தப்பாவா? செய்யாத்து அத்தையா? மறைச்சுட்டு அவன் தீட்டோட சுவாமியைத் தொட்டா அந்தப் பாவம் இந்தக் குடும்பத்தை விடாது. சொல்லாம அவன் இந்தத் தெருவைத் தாண்ட மாட்டான்.”

அப்படி மறைத்தவர்கள் உண்டு. பூஜை முடியட்டும் என்று சேதியை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த குடும்பங்களைப் பற்றி நானே கேட்டிருக்கிறேன். தலையில் பல்லி விழுந்தது, அதனால் குளித்தேன் என்று சொல்லலாமா என்று ஒரு யோசனை ஓடியது. பல்லி விழுந்ததற்கு ஆட்டோவில் அழுதுகொண்டு வருவார்களா? பரசுராமன் வேறு தலையை நீட்டிக்கொண்டு நின்றார். விக்னேஷ்வரன் என் முகத்தையே பார்த்தார். கண்ணில் ஒரு கெஞ்சல். பத்து நாள் ருத்ரம்.

“தார்வன்” என்றேன்.

“எந்த ஊர்?” என்றார் மாமியார்.

“ஊரெல்லாம் இல்லம்மா. சினிமா. நான் டெய்லர் கடைக்குப் போகல, சினிமாவுக்குப் போனேன். அதுல ஒரு ஓடக்காரன். பதினாலு வருஷமா பாக்கறேன். செத்துட்டான். அதுக்குத்தான் அழுதேன். சத்தம் கேக்கப்படாதுன்னு தண்ணி ஊத்திண்டேன். போதுமா?”

அருணாதேவிதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையை வாயில் அடைத்தும் பயனில்லை. மாமிகள் மூவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். “போட்டுக்காரனுக்கா தலை முழுகுனீங்க?” என்று பரசுராமன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். ஸ்பீக்கரில் அப்பா சிரிக்கவில்லை. “அடடா, போயிட்டானா?” என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் திராணியில்லை, அணைத்துவிட்டேன்.

விக்னேஷ்வரன் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். “படத்துக்கா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார். பரசுராமன் சிரித்த வாயோடே வண்டியை எடுத்தார். தேரடித் தெருவில் கூட்டம், ஆட்டோ நகரவில்லை, பாதி வழியில் இறங்கி ஓடினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மறுபடி குளித்துவிட்டு நந்தியிடம் போனபோது மௌலி பாலும் தயிரும் முடித்துவிட்டிருந்தாராம். விட்டுக்கொடுக்க மனசில்லாமல் நின்றவரை மற்றவர்கள் சொல்லி நகர்த்தினார்கள். சந்தனமும் விபூதியும் அலங்காரமும் தீபாராதனையும் இவர் கையால் நடந்தன. பாதி முறை.

மாமிகள் கலைந்து போனார்கள். நான் கொல்லையில் துவைக்கிற கல் மேல் உட்கார்ந்தேன். திங்கட்கிழமைக்குள் பள்ளிக்கூடம் வரை இந்தக் கதை போய்விடும். கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு ஆத்திரமெல்லாம் அந்தப் படக்காரர்கள் மேல்தான். ஒழுங்காக முடித்திருந்தால் நான் இரண்டு சொட்டுக் கண்ணீரோடு வந்திருப்பேன், இவர் முழு முறையும் செய்திருப்பார்.

மாமியார் வந்தார். ஈரத் தலையை முடிந்துகொண்டு, எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார். மூன்று தடவை தும்மினார். சம்பந்தி போனால் ஒரு ஸ்நானம் உண்டு என்று இந்த அறுபத்தெட்டு வயதில் பச்சைத் தண்ணீரில் முழுகியிருக்கிறார். திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“யாருடி அந்த ஓடக்காரன்? சொல்லு.”

“வேண்டாம்மா. சிரிப்பேள்.”

“முழுகிட்டு உக்காந்திருக்கேன். யாருக்கு முழுகினேன்னு தெரியாண்டாமா?”

சொன்னேன். முதலில் வேண்டாவெறுப்பாக இரண்டு வரியில். அவர் விடவில்லை. பெண்டாட்டி உண்டா என்றார். இல்லை என்றேன். பிள்ளை? இல்லை. கூலி ஒழுங்காகக் கொடுத்தார்களா? மூன்றாம் பாகத்தில் இளவரசன் ஒரு மோதிரம் கொடுத்தான், அதுவும் பிறகு திருடு போய்விட்டது என்றேன். “நாசமாப் போறவன்” என்றார், யாரை என்று தெரியவில்லை. ஓடத்தில் ஓட்டை விழுந்ததையும் அவன் தண்ணீருக்குள் போனதையும் சொன்னேன்.

“பொணம் கெடச்சுதா?”

“தேடவே இல்லம்மா.”

“கொள்ளி?”

“ஒண்ணும் இல்ல. ஒருத்தன் திரும்பிப் பாக்கல. நேரா பட்டாபிஷேகம்.”

“என்னிக்கு?”

“அன்னிக்கே. இவன் முழுகறான், அவன் முடி சூட்டிக்கறான். முப்பத்தஞ்சு நிமிஷம் காட்டறான், யானையெல்லாம் வெச்சு.”

மாமியார் முக்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “அன்னிக்கேவா? தன்னைக் கரை சேத்தவன் தண்ணிக்குள்ள கெடக்கறான், இவன் தீட்டுல பட்டாபிஷேகம் பண்ணிண்டானா? பத்து நாள் பொறுக்க மாட்டானா அந்தக் கடன்காரன்? கூட இருந்த நாலு பேருக்கும் புத்தி எங்கே போச்சு? ஒரு எள்ளுந் தண்ணியும் எறைக்கல, கொம்பு ஊதறானாம் கொம்பு!”

பதினான்கு வருஷத்தில், சினேகா, இணையத்தில் எழுதுகிறவர்கள், தியேட்டரில் விசிலடித்தவர்கள், யாருக்கும் தோன்றாதது இவருக்குத் தோன்றிவிட்டது. அந்த முடிவில் எது தப்பு என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன். இதுதான். நான் மறுபடி அழ ஆரம்பித்தேன், இந்தத் தடவை தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல். அவர் தடுக்கவில்லை. முந்தானையை நீட்டினார்.

ஏழு மணிக்கு விக்னேஷ்வரன் வந்தார். வாசலிலிருந்தே ஆரம்பித்துவிட்டார். “மௌலி கோயில் முழுக்கச் சொல்லிச் சிரிக்கறான். டிக்கெட் கவுண்டர்ல இருக்கறவன்கூடக் கேக்கறான். யாரோ சினிமாக்காரன் செத்தான்னு பாதி முறையை விட்டேன் நான். மானம் போச்சு! எங்கே அவ?”

மாமியார் கொல்லைப் படியில் குறுக்கே நின்றார்.

“கத்தாதேடா” என்றார். “அவ ஒருத்தனைப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கா.”